மலை சுற்றி வந்த பிளாஸ்டிக் கட்டைகள்

என் வீட்டுக் கீழ்ப்பகுதியில் பதினாறு லட்சம் பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிக்கொண்டே போனால் அண்ணாமலையார் மலை உச்சியைத் தொட்டுவிட்டு அதற்கு மேலும் கொஞ்சம் போகும். பால்காரரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த பெண்ணிடமும் சொன்னேன். அவள் பேனாவைத் திறந்து எழுதிக்கொள்ளவே போனாள். பதினாறு லட்சம் என்பது கூட்டிச் சொன்னதுதான். எவ்வளவு கூட்டினேன் என்று எனக்கே தெரியாது. கட்டைகளின் சொந்தக்காரரான முருகவேலும் ஒருநாள் கூட எண்ணியதில்லை. பிரிப்பதற்கே அவருக்குப் பதின்மூன்று வருஷம் போதவில்லை.

முருகவேல் என் கீழ்வீட்டில் குடியிருக்கிறவர். வயது நாற்பத்தெட்டு. வேங்கிக்காலிலிருந்து தினமும் ஒன்பதரை மணிக்கு டிவிஎஸ் வண்டியைக் கிளப்பிக்கொண்டு தேரடித் தெருவுக்குப் போவார். அங்கே ஒரு மேட்சிங் சென்டரில் இருபத்தாறு வருஷமாக விற்பனையாளர். புடவையைக் கொண்டுபோய் மேசைமேல் போட்டால் அதற்குச் சேர்கிற ரவிக்கைத் துணியை எடுத்துக் கொடுக்கிற கடை அது. பச்சை என்று நீங்களும் நானும் சொல்வதை அவர் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, மாங்காய்த் தோல் என்று நான்காகப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் துணியைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெயிலில் காட்டுவார். டியூப் லைட் வெளிச்சத்தை அவர் நம்பியதே இல்லை. அமாவாசைக் கருக்கலில் ஒரு நூலிழையைத் தடவிப் பார்த்தே அது வாடாமல்லி என்று சொல்லிவிடுவார் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் கூட்டியதுதான்.

கட்டைகள் வந்த கதை சிறியது. செங்கம் சாலைப் பக்கம் வீடெடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், ஊருக்குத் திரும்பும்போது சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். வேலைக்காரிக்குக் குக்கர், வாட்ச்மேனுக்கு சைக்கிள். தன் புடவைகளுக்கெல்லாம் பொறுமையாக ரவிக்கைத் துணி தேடித் தந்த முருகவேலுக்கு ஒரு பை நிறையக் கட்டைகள். அவர் மகள் அபிநயாவுக்கு அப்போது ஏழு வயது. அவள் அதில் ஒரு வீடு கட்டினாள். வீட்டுக்குத் திறந்து மூடுகிற பச்சைக் கதவு ஒன்று உண்டு. கட்டைவிரல் அகலம் இருக்கும். ஒரு வருஷம் அந்தக் கதவைத் திறந்து மூடினாள். பிறகு அலுத்துப்போய்ப் பையிலே கொட்டிவிட்டுப் பள்ளிக்கூடம், டியூஷன் என்று போய்விட்டாள். இப்போது வேலூரில் நர்சிங் படிக்கிறாள்.

அவள் கொட்டியதை எடுத்து அடுக்குகிற வேலையை முருகவேல் அன்றைக்கு ஆரம்பித்தார்.

வெளிநாட்டுக்காரர்கள் வெயில் தொடங்கும்போது ஊரைக் காலி செய்வார்கள். அவர்கள் விட்டுப்போகிற சாமான்களில் கட்டை இருந்தால் வாட்ச்மேன்கள் முருகவேலுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பழைய பிளாஸ்டிக் எடுக்கிற கருப்பன், தன் கடை மூலையில் ஒரு சாக்கை அவருக்கென்றே தொங்கவிட்டிருந்தான். பை இரண்டானது. அப்புறம் பாலிதீன் மூட்டையானது. அப்புறம் உள் அறையானது.

ஒருநாள் கேட்டேன். "இவ்வளவையும் வெச்சு என்ன கட்டப் போறீங்க?"

"மொதல்ல அடுக்கி முடிச்சுடலாம்னு இருக்கேங்க டீச்சரம்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் அடுக்கிய முறை கடையில் துணி அடுக்குகிற முறைதான். நிறத்துக்கு ஒரு டப்பா. ஹார்லிக்ஸ் பாட்டில், பிஸ்கட் டின், ரவிக்கைத் துணி வருகிற அட்டைப்பெட்டி எல்லாம் அதற்கு ஆகின. தக்காளிச் சிவப்பு வேறு, அரக்கு வேறு. ஆனந்தா நீலம் வேறு, மயில் கழுத்து வேறு. மொத்தம் முப்பத்துநான்கு. பகல் வெளிச்சத்தில் மட்டும் பிரிப்பார். ஒவ்வொரு கட்டையையும் இரண்டு விரலில் பிடித்து வாசலுக்கு எடுத்துப்போய், வெயிலில் ஒரு திருப்புத் திருப்பி, உள்ளே வந்து டப்பாவில் போடுவார். அவருக்குப் பகல் என்பது விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரைக்கும், வாரம் ஒரு விடுமுறையும்தான்.

இதிலே இன்னொரு சிக்கல். வெள்ளைக் கட்டைகள் வருஷம் போகப்போக மஞ்சளாகிற சாதி. வெள்ளை டப்பாவைத் திறந்தால் பாதி பழுத்துக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி 'வெந்தயம்' என்று புது டப்பா போட்டார். இரண்டு வருஷத்தில் வெந்தயத்துக்குள்ளேயே 'சந்தனம்' கிளம்பியது. இப்படி, புதிதாக ஒரு கட்டையும் வராமலே டப்பாக்கள் பெருகின.

ஆயுத பூஜை விடுமுறைக்கு அபிநயா வந்திருந்தாள். செல்போனைச் சாய்த்து வைக்க ஒரு தாங்கி செய்ய வேண்டும், நீளத் தட்டு, அதாவது தட்டையான நீளக் கட்டை, நான்கு வேண்டும் என்றாள். நிறம் எதுவானாலும் சரியாம். நிறம் எதுவானாலும் என்றால் முருகவேல் எங்கே தேடுவார்? நீளத் தட்டு முப்பத்துநான்கு டப்பாவிலும் இருக்கலாம். பதினொரு டப்பாவைப் பாயில் கொட்டிக் கிளறினார். இரண்டு கிடைத்தன.

"அப்பா, நான் வேலூரு போயி வாங்கினு வந்துடுவேன் இந்நேரத்துக்கு."

"இரு, சாம்பல் கலர்ல பாத்துடறேன்."

அவள் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டாள். கொட்டிய பதினொரு நிறத்தைத் திரும்ப எடுத்து வைக்க முருகவேலுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு காலைப்பொழுது, அவர் மனைவி சரசு கஞ்சி வடிக்கச் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு உள் அறை வழியாகக் கொல்லைப்பக்கம் போனாள். குதிகாலில் ஒரு கட்டை ஏறியது. அவள் போட்ட சத்தத்தில் கலெக்டர் அலுவலகத்தில் கோப்புகள் பறந்தன. பானையை மட்டும் விடவில்லை. வடித்து முடித்து, பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்து காலைப் பார்த்தாள்.

சரசு வீட்டிலிருந்தபடியே புடவைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறவள். தையல்போலவே பேச்சும், சின்னதாக, விடாமல், ஒரே நேர்கோட்டில் போகும்.

"ஏங்க, தீபத்துக்கு எங்க அண்ணன் ஊட்டு ஜனம் பன்னெண்டு பேரு வராங்க. அவங்க வந்து எறங்கறப்போ இந்த ரூம்புல ஒரு கட்டை கூட எங்கண்ணுல படக் கூடாது. பட்டுச்சு, மொத்தத்தையும் கருப்பனக் கூப்ட்டுப் போட்டுருவேன்."

"பிரிச்சது சரசு எல்லாம். கருப்பன் உருக்கிடுவான்."

"உருக்கட்டும். பக்கெட்டாவது ஆவும்."

அண்ணாமலையில் தீபத்துக்குச் சொந்தக்காரர் வருவது தடுக்க முடியாத விஷயம். வீடு என்று ஒன்று இருந்தால் பாய் விரித்தே ஆக வேண்டும். கொடியேற்றம் ஆன நாளிலிருந்து முருகவேலுக்குக் கையில் இருந்தது எட்டு நாள். அந்த எட்டு நாளும் கடையில் மூச்சுவிட நேரமில்லை. ஊருக்கு வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்குப் புடவை எடுத்த பிறகுதான் ரவிக்கை ஞாபகம் வரும்.

பெரிய நிறங்கள் ஒன்பதைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். பதினைந்து பரணுக்குப் போயின. மீதிப் பத்து நிறங்கள்தான் தொல்லை. ஊதாவில் பதினேழு கட்டை, வாடாமல்லியில் ஒரு பிடி, வெளுத்த பச்சையில் ஒரு கைப்பிடி என்று துக்கடா துக்கடாவாக நின்றன. அவற்றை ஒரே டப்பாவில் கொட்டியிருந்தால் தீர்ந்தது. முருகவேலால் அது முடியாது. வேறு வேறு நிறத்தைக் கலந்து வைத்தால் கடையில் சம்பளத்தைப் பிடிப்பார்கள்.

"மேல என் ரூமுல வெச்சுக்குங்க" என்று நான் சொல்லவில்லை. எனக்கும் குதிகால் இரண்டு இருக்கிறது.

சரசுவிடம் ஐந்தடுக்குக் கேரியர்கள் நான்கு உண்டு. கல்யாணத்துக்கு அவள் அண்ணன் காசி சீராகக் கொடுத்தவை. மூடிமேல் 'கி. காசி, கீழ்பென்னாத்தூர்' என்று பேர் வெட்டியிருக்கும். சமையலறையில் இரண்டு புழங்கும். மற்ற இரண்டு உள் அறை ஆணியில் தொங்கும். அறையைக் காலி செய்ய வேண்டிய கடைசிக் காலையில் முருகவேலின் கண் அந்த ஆணிக்குப் போயிற்று. இரண்டு கேரியர், பத்து அடுக்கு. பத்து நிறம். அடுக்குக்கு ஒரு நிறமாகப் போட்டு, குலுங்காமலிருக்க மேலே ரவிக்கைத் துணித் துண்டைத் திணித்து, கொக்கியை மாட்டி, பழைய இடத்திலேயே தொங்கவிட்டார். அறை பளிச்சென்று ஆகிவிட்டது. கடைக்குப் போகிற அவசரத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் பன்னிரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். சரசு அறையைச் சுற்றிப் பார்த்தாள். குனிந்து கட்டிலுக்கடியில் பார்க்கவில்லை. சொன்ன பேச்சுக்கு அது போதும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் தீபம். காசி வீட்டார் காலையில் கிரிவலம் கிளம்பி, மத்தியானம் அடி அண்ணாமலைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டு, நாலு மணிக்குள் திரும்பிவிடுவது வருஷா வருஷம் நடப்பது. சரசு புளிசாதமும் தயிர்சாதமும் கிளறி, சமையலறைக் கேரியர்கள் இரண்டிலும் நிரப்பி அடுப்பு மேடையில் வைத்தாள். காசிக்குக் கேரியர் என்றால் உள் அறை ஆணிதான் ஞாபகம், மாட்டியதே அவர். ஒன்றை மேடையிலிருந்து எடுத்தார், அங்கிருந்த மற்றது வீட்டிலிருப்பவர்களுக்கு என்று விட்டுவிட்டு இன்னொன்றை ஆணியிலிருந்து எடுத்தார். இரண்டிலும் அவர் பேர் இருந்தது. கணக்குச் சரி.

வாசலைத் தாண்டும்போது கையைத் தூக்கி இறக்கிப் பார்த்து, மனைவி ஆராயியிடம் சொன்னாராம்: "இந்த வருஷம் சரசு கையி கம்மி பண்ணிட்டா போல. வெயிட்டே இல்ல."

"கம்மியாத் துன்னா நடப்பீங்க. வாங்க."

எட்டு கிலோமீட்டர் நடந்து, ஒரு புளியமரத்தடியில் பன்னிரண்டு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். முதல் கேரியர் ஆளுக்கு இரண்டு வாயில் தீர்ந்தது. இரண்டாவதைத் திறந்தார் காசி. மேலடுக்கில் ஒரு துணித்துண்டு. வாழையிலைக்குப் பதில் துணி போட்டிருக்கிறாள் என்று நினைத்து எடுத்தார். அடியில் வாடாமல்லி. இரண்டாம் அடுக்கில் ஊதா. ஐந்து அடுக்கையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினார். கடைசி அடுக்கிலாவது ஊறுகாய் இருக்காதா என்ற நம்பிக்கை.

பட்டினி ஒன்றும் கிடக்கவில்லை. தீபத்தன்று கிரிவலப் பாதையில் பட்டினி கிடக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக முயற்சி செய்ய வேண்டும். பத்தடிக்கு ஒரு பந்தலில் வெண்பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் காசிக்குக் கோபம். கோபத்தில் கேரியரைத் தள்ளிவிட்டார். ஐந்து அடுக்கும் மண்ணில் கவிழ்ந்தன.

நாலரைக்குத் திரும்பி வந்தார்கள். தீபம் பார்க்க எல்லோரும் என் மொட்டை மாடியில் கூடினோம். முருகவேல் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

காசி ஆரம்பித்தார். "மாப்ள, எனக்கு அறுபது வயசு ஆவுது. பல்லு பாதி இல்ல. வாடாமல்லிக் கலர்ல பிளாஸ்டிக்கு குடுத்தா எப்பிடி மென்னுத் துன்றது?"

"மச்சான், அது ஆணியில இருந்தது..."

"ஆணியில தொங்கறது கேரியரு. அதுல சோறு இருக்கும்னு நெனச்சது என் தப்புதான்."

சரசு போனை எடுத்துக்கொண்டு மாடி ஓரத்துக்குப் போனாள். அறையில் இல்லை என்று நம்பியது கேரியரில் இருந்திருக்கிறது. மலைமேல் தீபம் தெரிந்தது; எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டு, கீழே அகல் ஏற்றப் போனோம். படியிறங்கும்போதுதான் சொன்னாள். "நாளைக்குக் காலைல கருப்பன் வருவான். போன் பண்ணிட்டேன்."

முருகவேல் படியிலேயே நின்றுவிட்டார். அவர் எதிர்த்துப் பேசுகிற ஆளில்லை. கடையில் இருபத்தாறு வருஷமாக, வாங்குகிறவர் சொல்கிற நிறத்தையே சரி என்று சொல்லிப் பழகியவர்.

காலை எட்டு மணிக்குக் கருப்பன் மூன்று சக்கர வண்டியோடு வந்தான். கொக்கித் தராசை வாசல் கம்பியில் மாட்டினான். பரணிலிருந்து, கட்டிலுக்கடியிலிருந்து, ஆணியில் மிச்சமிருந்த கேரியரிலிருந்து இருபத்தொன்பது நிறமும் முற்றத்துக்கு வந்தன. முருகவேலே எடுத்து வந்து வைத்தார். டப்பாவைக் கீழே வைக்கும்போதும் நிற வரிசை மாறாமல் வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"அண்ணே, நெஜமாவே போட்றீங்களா?" என்றான் கருப்பன். "நான்தான எல்லாம் பொறுக்கிக் குடுத்தேன். எனக்கே ஒரு மாதிரி இருக்குது."

"நீ எடை போடுப்பா" என்றாள் சரசு. பிறகு புருஷனைப் பார்த்தாள். "போறதுக்கு முன்னாடி அபி ஊட்டுக் கதவு மட்டும் எனக்கு வேணும். பச்சைக் கதவு. அத எடுத்துக் குடுத்துடுங்க."

முருகவேல் குந்தி உட்கார்ந்தார். ராமர் பச்சை டப்பாவில் தேடினார், இல்லை. பாசிப்பச்சையில் இல்லை. கிளிப்பச்சையில் இருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லிக்கொண்டே அதையும் கொட்டினார். பதின்மூன்று வருஷத்தில் கதவு எவ்வளவு வெளுத்திருக்கும் என்று விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டு, மாங்காய்த் தோலுக்குப் போனார்.

"பதிமூணு வருஷமாப் பிரிக்கிறீங்க. ஒரு கதவ எடுக்க முடியல. அப்புறம் எதுக்குங்க இதெல்லாம்?"

 அவர் கை கிளறிக்கொண்டே இருந்தது. கருப்பன் தராசைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்தான்.

ஆராயி மலை சுற்றி வந்த கேரியரைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். காசி தள்ளிவிட்டதை நேற்று மண்ணிலிருந்து பொறுக்கியவள் அவள்தான். அவளுக்கு ஊதாவும் தெரியாது, வாடாமல்லியும் தெரியாது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நாலு ஏக்கர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவள். மண்ணிலிருந்து எதைப் பொறுக்கினாலும் அவள் கை ஒரே வேலையைத்தான் செய்யும். பெரியது ஒரு அடுக்கில், நடுத்தரம் ஒன்றில், பொடி ஒன்றில், தட்டையானது ஒன்றில், ஓட்டையும் வளைவுமாக ஒத்துவராதது ஒன்றில்.

"அண்ணே, கதவுன்னா ஓட்டை வெச்சதா?"

"கீல் மாட்ற மாதிரி இருக்கும், தங்கச்சி."

அவள் ஐந்தாவது அடுக்கைக் கழற்றினாள். கையை விட்டாள். எடுத்து நீட்டினாள். "இதா பாருங்க."

கட்டைவிரல் அகலப் பச்சைக் கதவு. அவள் அடுக்கைத் திறந்ததற்கும் கதவை எடுத்ததற்கும் நடுவில் ஒரு கொட்டாவி விட நேரமில்லை. முருகவேல் அதை வாங்கி, பழக்கம் விடாமல் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தார்.

"ராமர் பச்சைதான். வெளுத்திருக்குது."

"எந்தப் பச்சையானா என்னாண்ணே? மல்லாட்டைய எவனாச்சும் கலரு பாத்தா பிரிப்பான்? பெருசு சிறுசு பாத்துதான பிரிப்பாங்க?"

 முருகவேல் கேரியரின் ஐந்து அடுக்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். இரண்டாம் அடுக்கிலிருந்து மேலே எட்டுக் குமிழ் வைத்த ஒரு கட்டையை எடுத்தார். பக்கத்திலிருந்து இன்னொன்று, வேறு நிறம். இரண்டையும் செருகினார். பொருந்தின. பொருந்தும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் நிறம் மாறிய இரண்டு துண்டுகளைத் தன் கையால் சேர்த்து அவர் பல வருஷம் ஆகியிருக்கும். பிறகு தக்காளிச் சிவப்பு டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, அரக்கு டப்பாவுக்குள் கொட்டினார். கொட்டும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

"கருப்பா, கேனு ரெண்டு ஓட்டையாக் கெடக்குது பின்னாடி. அத எடுத்துனு போ" என்றாள் சரசு.

அடுத்த வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் மூன்று கடலைச் சல்லடைகள் வந்தன. வாரம் ஒரு விடுமுறையாக மூன்று விடுமுறையில் மொத்தமும் சலித்து முடிந்தது. சல்லடைக்கு டியூப் லைட் வெளிச்சமே போதும். நானும் என் பழைய கேரியர் இரண்டைக் கொடுத்தேன். கட்டை இருக்கிற கேரியர் எது, சோற்றுக் கேரியர் எது என்று காசிக்கும் தெரிய வேண்டுமே. கட்டைக் கேரியர்களின் கைப்பிடியில் முருகவேல் வாடாமல்லித் துணித்துண்டு கட்டியிருக்கிறார். பொங்கலுக்கு வந்த அபிநயா நீளத் தட்டு கேட்டாள். முருகவேல் எழுந்திருக்காமலே எட்டி எடுத்துக் கொடுத்தார். நான்கும் நான்கு நிறம். அவள் செய்த தாங்கியைப் பார்க்காமலிருக்க அவர் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்.

இவ்வளவையும் எழுதி, கீழே போய்ச் சரசுவுக்குப் படித்துக் காட்டினேன். ஃபால்ஸ் தைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்தாள்.

"பதினாறு லச்சம்லாம் இல்லீங்க டீச்சரம்மா. கருப்பன் எடை போட்டப்போ இருவத்தி ரெண்டு கிலோ. அதுவும் டப்பாவோட. அப்புறம், அந்தக் கதவு கேரியர்ல இல்ல. அன்னைக்குக் கஞ்சி வடிக்கறப்போ என் காலுல ஏறுச்சே, அது அந்தக் கதவுதான். என் ஊசி டப்பாவுல போட்டு வெச்சிருந்தேன். போன் பண்ணிட்டேன்னு சொன்ன சொல்ல மாத்த முடியல, அத்தனையும் உருக்கக் குடுக்கவும் மனசு வரல. காலைல அண்ணிய அடுப்பாண்ட கூப்ட்டு, கேரியர்லருந்து எடுக்கற மாதிரி எடுங்கன்னு கையில குடுத்தது நாந்தான். எழுதிக்குங்க, பரவால்ல. அவருக்குத் தெரிஞ்சாலும் இப்போ ஒண்ணும் பண்ண முடியாது. எல்லாத்தையும் கலந்துட்டாரே."